வாங்கத் தெரிந்தவர்கள் எங்கே?

சென்ற ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி மாலை, கைத்தறி தினத்தை ஒட்டிக் கூட்டப்பெற்ற ஒரு பொதுக்கூட்டத்தில் பேசும்படி நாம் அழைக்கப்பட்டிருந்தோம். ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் இங்கே வேண்டுவதில்லை. அழைத்தவர்கள் நல்லவர்கள், தேசாபிமானத்தில் நம்மினும் குறைந்தவர்கள் அல்லர். கூட்டம் குறித்த நேரத்துக்கு ஒரு மணி கழித்து ஆரம்பமாயிற்று. அது பற்றி நமக்குக் குறையில்லை. நம் நாட்டுப் பொதுக்கூட்டங்களின் பழைய சம்பிரதாயம் அது. வரவேற்புரை முடிந்ததும் மேடையிலிருந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நம் தோள்மீது விழுந்ததை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டபோது விரல்களுக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. துணி வழுவழுவென்று நழுவிற்று. கரையில் மின்னிய ஜரிகையை நகத்தால் சிறிது சுரண்டியதும் பொன்னிறம் தோலாக உரிந்து நகத்தோடு வந்துவிட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த காரியதரிசியிடம், "இது கைத்தறிதானா?" என்று மெல்லக் கேட்டோம். அவர் சற்றும் தயங்காமல், "கைத்தறி மாதிரிதான், சார்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நம்மை ஏமாற்ற அவர் நினைத்திருந்தால் ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். கைத்தறிக்கும் கைத்தறி மாதிரிக்கும் இடையில் கேட்கத் தகுந்த வித்தியாசம் ஒன்று உண்டென்பதே அவருக்குத் தோன்றவில்லை. கைத்தறி நெசவாளர் படும் கஷ்டங்களை அரை மணி நேரம் உருக்கமாக எடுத்துரைத்தவரும் அவரேதான்.

இந்தத் தேதியின் பெருமையை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1905-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதியன்றுதான் கல்கத்தா நகர மண்டபத்தில் கூடிய பெருங்கூட்டம், கர்ஸன் பிரபுவின் வங்காளப் பிரிவினை ஏற்பாட்டை எதிர்த்து, அந்நியச் சாமான்களைப் பகிஷ்கரிப்பதென்று தீர்மானித்தது. அதன் ஞாபகார்த்தமாகவே 2015-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் அத்தினத்தைத் தேசியக் கைத்தறி தினமாக அறிவித்து, முதல் விழாவை நம் சென்னையிலேயே நடத்தினர். அன்று கல்கத்தாவில் எழுந்த கேள்வி, ‘இத்துணி எங்கே நெய்யப்பட்டது?’ என்பது. அக்கேள்வியை வாங்குகிறவன் கடைக்காரனிடம் கேட்டான். விடை திருப்தியாக இல்லாவிடில் வெறுங்கையோடு வீடு திரும்பினான். பகிஷ்காரம் என்பதன் பலமெல்லாம் வாங்குகிறவனுடைய விவேகத்தில் இருந்தது.

மேடைக்கு எதிரே சுமார் இருநூறு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னாளில் பொதுக்கூட்டம் என்றால் ஜமக்காளம். வாடகைக்குக் கொணர்ந்து விரித்த ஜமக்காளத்தின் மீது வக்கீலும் வண்டிக்காரரும் முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்து பிரசங்கம் கேட்டார்கள். நாற்காலியால் முதுகுக்குச் சௌகரியம் உண்டென்பதை நாற்பதைக் கடந்த நாம் மறுக்கத் துணியோம். ஆயினும் கைத்தறி தினத்தன்று அந்த மண்டபத்தில் கைத்தறித் துணி எத்தனை முழம் இருந்தது என்று எண்ணிப் பார்த்தோம். பேச வந்திருந்த ஒரு கிழவரின் வேட்டியும் துண்டும் தவிர வேறு ஒன்றும் நம் கண்ணில் படவில்லை.

ஜமக்காளம் என்றவுடன் பவானி நினைவுக்கு வருவது இயல்பு. காவிரியும் பவானியும் கூடும் அவ்வூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு காரியம் நடந்தது. சீமை மில் துணி வந்து குவிந்ததால் சேலையும் வேட்டியும் நெய்து பிழைத்தவர்களின் பிழைப்புக் கெட்டது. அவ்வூர் ஜங்கம வகுப்பு நெசவாளர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. மில்காரன் நெய்து அனுப்பாத ஒரு சரக்கை நெய்வோம் என்று தடித்த பருத்தி நூலுக்குப் பலவகைச் சாயங்கள் ஏற்றிப் பட்டை பட்டையாக விரிப்பு நெய்தார்கள். அது ஊர்ப் பெயரோடு நாடெங்கும் பரவிற்று. மாட்டுவண்டியில் கலியாணத்துக்குப் போனவர்களுக்கும், சதஸ் கூட்டிய பண்டிதர்களுக்கும், பாட்டுக் கச்சேரிக்கும், பஞ்சாயத்துக்கும் அதுவே ஆசனம். பந்தியில் வரிசையாக உட்காருவதற்கென்றே நீளமாக நெய்யப்பெறும் பந்தி ஜமக்காளம் என்றொரு வகையும் உண்டு.

அதை நெய்யும் விதத்தைப் பார்த்தவர்கள் நம் வாசகர்களில் சிலரேனும் இருப்பார்கள். தரையில் தோண்டிய குழியில் கால்களை இறக்கி அமர்ந்து, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, ஊடையைச் செலுத்தி, அச்சை இழுத்து அடிக்க வேண்டும். பாவு நூல் கண்ணுக்குத் தெரியாமல் மறையும்படி ஊடை நெருங்கி உட்காருவது அந்த அடியால். அகலமான விரிப்பாயின் ஒருவர் கைக்கு எட்டாது. இருவர் அருகருகே அமர்ந்து நாடாவை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு அனுப்பி நெய்வர். இருவர் அடியும் ஒன்றாக விழவேண்டும். ஒருவர் ஓங்கியும் மற்றவர் தளர்ந்தும் அடித்தால் விரிப்பு ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்ந்துபோகும். ஜமக்காளத்தைச் சோதிக்கத் தெரிந்தவர்கள் முதலில் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக் கனம் பார்ப்பார்கள். பிறகு பட்டையின்மேல் நகத்தை அழுத்துவார்கள். இழைகளுக்கு நடுவே நகம் இறங்கினால் அடி போதவில்லை என்று அர்த்தம். புரட்டிப் பார்த்து இருபுறமும் ஒரே வரியாக ஓடுகிறதா என்று கவனிப்பார்கள். கடைசியில் ஈரத்துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயத்தை அறிவார்கள். நம் தகப்பனாரின் விவாகத்துக்காக வாங்கிய ஜமக்காளம் ஒன்று சுமார் ஐம்பது வருஷம் கழிந்த பின்னும் நம் வீட்டில் இருக்கிறது. சிவப்புச் சற்று வெளுத்திருக்கிறது; வேறு பழுது இல்லை.

இப்படிப்பட்ட சரக்குக்குப் போலி தோன்றாமல் இருக்குமா? சோலாப்பூர் முதலிய இடங்களில் விசைத்தறியில் நெய்த விரிப்புகள் பவானி என்ற பெயரோடு பவானிச் சரக்கின் விலைக்குக் குறைந்த விலையில் சந்தைக்கு வந்தன. சோலாப்பூருக்கும் தன் போர்வைகளால் நியாயமாகச் சம்பாதித்த புகழ் உண்டு. அதன்மீது நமக்குத் துவேஷம் இல்லை. பிறர் பெயரைப் போட்டு விற்பதுதான் தவறு. இதைத் தடுக்க 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். அதற்கு இருபது வருஷம் முன்னதாகவே வேறொரு சட்டமும் இருந்தது. வக்கீல் தொழிலில் சில காலம் கழித்தவர்கள் என்ற முறையில் அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

1985-ம் வருஷத்திய கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், இன்னின்ன சரக்குகளை விசைத்தறியில் நெய்யலாகாது, மீறினால் சிறையும் அபராதமும் என்று விதித்தது. விசைத்தறி முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-ல் தீர்ப்பளிக்கும் வரையில் அது பெரும்பாலும் ஏட்டில்தான் இருந்தது. தீர்ப்பு வந்த சில வருஷங்களுக்குள், ஆதியில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டுச் சரக்குகள் 11 ஆகக் குறைக்கப்பட்டன. சேலை, வேட்டி, துண்டு, லுங்கி என்று வரும் அந்த ஜாபிதாவில் ஜமக்காளமும் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. 2013-ல் ஒரு விசித்திரமான யோசனை கிளம்பிற்று. சட்டத்தின்படி, விசைத்தறி அல்லாத தறி கைத்தறி, அவ்வளவுதான். இதை மாற்றி, நெசவு வேலையில் ஏதாவது ஓர் அம்சத்துக்கு மனிதன் கை வேண்டியிருந்தாலும் அதுவும் கைத்தறியே என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மோட்டார் விசையை ஒரு விரலால் தள்ளிவிடுவதும் மனிதன் கைதானே! நெசவாளர்கள் கிளர்ச்சி செய்ததால் அது சட்டமாகவில்லை. நம் காரியதரிசியின் ‘மாதிரி’க்கு அன்றே சட்ட அந்தஸ்து கிடைத்திருக்க வேண்டியது, மயிரிழையில் தப்பிற்று.

இந்தச் சட்டத்தை எத்தனை முறை படித்தாலும் ஒரு குறை நமக்குத் தென்படுகிறது. அது சட்டத்தை இயற்றியவர்களின் குற்றம் அன்று. நெய்கிறவனை அது பார்க்கிறது, தறியைப் பார்க்கிறது, சோதனைக்குப் போக இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் கடையில் ஜமக்காளத்தைப் பிரித்துப் போட்டவுடன், ‘இதைவிட மலிவாக ஒன்றும் இல்லையா?’ என்று கேட்கிற கனவானைப் பற்றி அதில் ஒரு பிரிவும் கிடையாது. இருக்கவும் முடியாது. வழக்கின் முக்கியப் பிரதிவாதிக்குச் சம்மன் அனுப்ப வழியில்லாத வழக்கு இது.

அந்தக் கனவான் பிறவியிலேயே அப்படி இருந்தவர் அல்லர். துணிக் கடையில் திண்ணைமீது அமர்ந்து, சேலையைப் பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முந்தானையைக் கசக்கிவிட்டு மீண்டும் நிமிர்த்திப் பார்த்து, கடைக்காரர் பொறுமையைச் சோதித்த பாட்டிமார்களை நாம் பார்த்திருக்கிறோம். எழுத்தறியாத அவர்களிடம் கடைக்காரருக்கு இருந்த பயம் எந்த உத்தியோகஸ்தரிடமும் இருந்ததில்லை. காங்கிரஸ் மகாசபை 1924-ம் வருஷம் பெல்காமில் காந்தியடிகள் தலைமையில் கூடியபோது, அங்கத்தினராக விரும்புவோர் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்க வேண்டும் என்று விதித்ததை வாசகர்கள் அறிவார்கள். தாமே நூற்றாலும் சரி, பிறரைக் கொண்டு நூற்பித்தாலும் சரி என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் அது கட்டாயமல்ல என்று தளர்த்தப்பட்டது. படித்த பிரமுகர்கள் பலர் அதைப் பரிகசித்ததும் உண்மை. நாம் அவ்விதியை வேறொரு கோணத்தில் பார்க்கிறோம். ராட்டையின் முன் அமர்ந்து இருபது முறை நூல் அறுந்து அவஸ்தைப்பட்டவனுக்கு, பின்னால் எவனோ ஒருவன் அறாமல் நூற்ற நூலைத் தொட்டதும் அதன் அருமை தெரிந்துவிடும். அவனிடம் கடைக்காரன் முறுக்குப் போதாத நூலை நீட்ட முடியாது. தேசத்துக்கு வேண்டிய நூல் அதனால் எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கணக்கு.

இன்று வாங்குகிறவன் துணியைத் தொடுவதே அரிதாகிவிட்டது. கைப்பேசித் திரையில் படம் பார்க்கிறான். படத்தின் கீழே அடித்துவிட்ட பழைய விலையையும் அடிக்காத புது விலையையும் பார்க்கிறான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தனக்குக் கிடைத்த லாபம் என்று மகிழ்கிறான். கனத்தையும் அடியையும் சாயத்தையும் படத்தில் காட்ட இயலாது. விலையை மட்டும் காட்டலாம். எனவே விலை ஒன்றே குணமாகிவிட்டது. கைத்தறியைக் காப்பாற்ற முயன்றவர்களும் இதற்குத் துணைபோனார்கள் என்று சொல்ல வேண்டியிருப்பதற்கு வருந்துகிறோம். கூட்டுறவு விற்பனை நிலையங்களில் தீபாவளிக்கு 30 சதவிகிதம் வரை தள்ளுபடி என்று வருஷந்தோறும் விளம்பரம் செய்து செய்து, தள்ளுபடி இல்லாத நாளில் கைத்தறி வாங்குகிறவன் ஏமாளி என்ற எண்ணத்தை ஜனங்கள் மனத்தில் ஊன்றிவிட்டார்கள். தேங்கிய சரக்கு விற்று நெசவாளருக்குக் கூலி கிடைக்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு செய்த காரியம் அது. ஆனால் இது நல்ல சரக்கு, இதற்கு இந்த விலை தகும் என்று சொல்லி விற்கும் நாவு அதனால் மழுங்கிவிட்டது.

சொல்லி விற்றால் நடக்கும் என்பதற்கு நம் சென்னையின் பெயரிலேயே ஒரு திருஷ்டாந்தம் உண்டு. சுமார் அறுபது, எழுபது வருஷங்களுக்கு முன் ‘மெட்ராஸ்’ என்ற கட்டம்போட்ட பருத்தித் துணி அமெரிக்காவில் சட்டைக்கு விற்பனையாயிற்று. சலவையில் அதன் சாயம் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். நம் ஊர்க் கடைக்காரராயிருந்தால் அதை மறைத்திருப்பார். அமெரிக்க வியாபாரிகளோ, ‘சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் புது நிறம் காட்டும் கைத்துணி என்று அதைக் கல்லூரி வாலிபர்கள் ஆசையோடு அணிந்தார்கள். நாகரிகம் மாறியதும் அந்த மோகமும் அடங்கிவிட்டது. விளம்பரத்தால் உண்டான ருசியின் ஆயுள் அவ்வளவுதான் என்று கூறுவோர் கூறலாம்.

நிற்க. நம்மை நோக்கி ஓர் ஆட்சேபம் கிளம்பும் என்பதை அறிவோம். மில்லும் விசைத்தறியும் வந்ததால் அல்லவா ஏழைக்கு மாற்றுத் துணி கிடைத்தது? விசைத்தறியில் வேலை செய்கிறவனும் தமிழன் அல்லவா? இரண்டும் உண்மை, நாம் ஒப்புக்கொள்கிறோம். ஒற்றைச் சேலையைத் துவைத்து உலரும் வரையில் வீட்டுக்குள் மறைந்திருந்த ஸ்திரீக்கு மலிவான சேலை கிடைத்ததை யார் குறை கூறத் துணிவார்? பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சட்டை வாங்க நிற்கும் கூலிக்காரனிடம் கைத்தறிப் பிரசங்கம் செய்வது பாவம். நாம் பேசுவது அவனைப் பற்றி அன்று. பெண்ணின் விவாகத்துக்கு லட்சக்கணக்கில் செலவிட்டு, அதில் ஒரு ஜமக்காளத்துக்கு மட்டும் பேரம் பேசுகிறவரைப் பற்றிப் பேசுகிறோம். கட்சிக் கரை போட்ட வேட்டியை மாதம் ஒன்றாக வாங்கி, அது எத்தறியில் நெய்யப்பட்டது என்று ஒருநாளும் கேட்டறியாத நம் தோழர்களைப் பற்றிப் பேசுகிறோம். தோழர்களுக்கு ஒரு பழைய சரித்திரத்தை ஞாபகப்படுத்தலாம். 1952-ம் வருஷத்தில் முதன் மந்திரியாயிருந்த ராஜாஜி, வேட்டியும் சேலையும் நெய்யும் உரிமையைக் கைத்தறிக்கே ஒதுக்கிவிட வேண்டும் என்று டில்லியோடு வாதாடினார். 1953-ல் அவருடைய எதிர்க் கட்சியாரான அண்ணாதுரையும் அவர் சகாக்களும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இவ்விரு சாராரும் இதில் ஒரே பக்கம் நின்றார்கள்.

பிறகு நடந்ததை எண்கள் சொல்லும். 1995-96-ம் வருஷக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் கைத்தறி நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருந்தவர்கள் சுமார் 65 லட்சம் பேர். 2009-10-ல் அது 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். அந்தக் கடைசிக் கணக்கின்படி, நெசவுக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிக்கிறவை. தகப்பன் குழித்தறியில் பிள்ளையை உட்கார வைக்காமல் வேறு வேலைக்கு அனுப்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கூட்டம் நடந்து இரண்டு வாரங்களுக்குப் பின் கோர்ட்டு வேலையாக ஈரோடு வரை போக நேர்ந்தது. போகும்போது நம் வீட்டு ஜமக்காளத்தை மோட்டாரில் போட்டுக்கொண்டு போனோம். மறுநாள் காலை பவானிக்குச் சென்று, விசாரித்து, வயது எழுபதுக்கு மேலான ஒரு நெசவாளர் வீட்டை அடைந்தோம். திண்ணையில் அதை விரித்தவுடன் அவர் ஒன்றும் பேசவில்லை. ஓரத்தைத் தூக்கினார், நகத்தை வைத்து அழுத்தினார், புரட்டினார். பிறகு உள்ளங்கையால் இடப்புறத்திலிருந்து வலப்புறம் வரையில் ஒருமுறை தடவிவிட்டு, "ரெண்டு பேர் நெஞ்சதுங்க. எடது கைப்பக்கம் உக்காந்தவருக்கு அடி கொஞ்சம் ஓங்கல்" என்றார். நாமும் தடவிப் பார்த்தோம். நமக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் தடவினோம், தெரிந்தாற்போலவும் இருந்தது, தெரியாதது போலவும் இருந்தது. ஐம்பது வருஷம் அதன்மேல் படுத்துப் புரண்ட குடும்பம் நம்முடையது.

இதேபோல் இன்னொன்று நெய்து தர இயலுமா என்று கேட்டோம்.

"நெய்யலாமுங்க. சோடிக்கு ஆள் வேணும், பாக்கலாம். ஆனா இத்தனை அகலத்துக்கு விரிக்கறதுக்கு உங்க ஊட்ல எடம் இருக்குதுங்களா?"

நாம் இப்போது குடியிருக்கும் வீட்டின் கூடத்தை மனத்துக்குள் அளந்து பார்த்தோம். சோபாவும் மேஜையும் டெலிவிஷனும் போக மிஞ்சுவது ஒருவர் நடந்துபோகும் வழிதான். உண்மையைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, தனியாளாக நெய்யக்கூடிய அகலத்தில் நான்கு முழ நீளத்துக்கு ஒன்று நெய்து தருவதாக ஒப்புக்கொண்டார். விலை சொன்னார். வாய்வரை வந்த பேரத்தை விழுங்கிவிட்டு முன்பணம் கொடுத்தோம். பட்டைகளின் நிறங்களைக் கேட்டு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசைப்படி தறிக்குப் பக்கத்துச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக்கொண்டார். பொங்கல் கழித்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.